ஊர்ப் போர்வையில் எலப்புள்ளித் துண்டு

இது உண்மைக் கதை. காந்தலூரில் நடந்தது. பாதி இந்தப் பூண்டுக் கொட்டகையிலேயே நடந்தது. இதில் வருகிற நாலு பெண்களும் இப்போது இங்கேயே உட்கார்ந்து பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சொல் பொய் என்றாலும் அவர்களே எழுந்து கேட்கட்டும்.

சரி, சரி, முறைக்க வேண்டாம். கொஞ்சம் இழுத்துத்தான் இருக்கிறது. துணியை நாலு பக்கமும் பிடித்து இழுத்தால்தான் சுருக்கம் போய் ஊசி இறங்கும். கதையும் அப்படித்தான். முக்கால் பங்கு நடந்தது. மீதிக் கால் பங்கும் நடந்திருக்க வேண்டியது, அதற்குள் பனி இறங்கிவிட்டதால் நடக்கவில்லை.

மருதாத்தாள் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரி. எலப்புள்ளி வெயில் எப்படிப்பட்டது தெரியுமா? அங்கே காக்கை பறக்கும்போது தன் நிழலையும் கையோடு தூக்கிக்கொண்டு பறக்கும், கீழே விட்டால் நிழல் கருகிவிடும் என்று. அந்த ஊரில் நெல்லும் தென்னையுமாக, சொந்த வயலும் சொந்தக் கிணறுமாக இருந்தவள். புருஷன் மோகனசுந்தரம் நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, யாராவது ஒரு விவசாயத்தைப் பற்றிச் சொல்லிவிட்டால் அன்றைக்குத் தூங்கமாட்டார். யாரோ காந்தலூர்ப் பூண்டைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். ஒரே வாரத்தில் வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மலையில் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துவிட்டார்.

புறப்படுவதற்கு முன் மருதாத்தாள் ஒரு காரியம் செய்தாள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் தெருவில் கூவிக்கொண்டு வந்தான். புது ஊருக்குப் போகிறோம், நாலு பேர் பார்ப்பார்கள், கந்தலைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று வீட்டில் இருந்த பழைய சேலை அத்தனையும் அள்ளிப் போட்டு, ஒரு எவர்சில்வர் அண்டாவை வாங்கிக்கொண்டாள். அதில் ஒரு எருமையைக் குளிப்பாட்டலாம். அண்டாவும் புதுச் சேலைகளுமாக மலை ஏறினாள்.

மலைக் குளிர் அவளைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டது. முதல் மாதம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டுதான் படுத்தாள். இல்லாவிட்டால் காலையில் எண்ணெயைக் கத்தியால் வெட்டித்தான் தலைக்கு வைக்க வேண்டும். அவள் பல் அடித்துக்கொண்ட சத்தத்தில் அடுத்த மலைக்காரன் தன் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள் என்று எழுந்து வந்து பார்த்தான்.

குளிரைக்கூடப் பொறுத்தாள். பேச ஆள் இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை. மோகனசுந்தரம் பூண்டோடு பேசிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சுவர்தான்.

அப்போதுதான் மத்தியானத்துக்கு மேல் இந்தக் கொட்டகையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பாயில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் ஒரு பெரிய போர்வையை விரித்து, ஆளுக்கொரு பக்கம் ஊசியோடு குனிந்திருந்தார்கள். பழைய சேலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே வண்ண வண்ணத் துண்டுகளை ஒட்டி, ஓட்டத் தையல் போட்டுத் தைக்கிற ஒட்டுப் போர்வை. தலைமை ராமுத்தாய். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளி ஓய்ந்து வந்தவள். அவள் பக்கத்தில் ஜீப் ஓட்டுகிற நல்லமுத்துவின் பெண்சாதி செல்வலட்சுமி. அவள் கையில் ஒரு ஊசி, வாயில் நூறு ஊசி. எதிரில் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகை அறை விடுகிற ஜிஸ்மி. மலையாளமும் தமிழும் கலந்து அவளே ஒரு ஒட்டுப் போர்வை.

“வாத்தா, உள்ள வா. கதவத் தொறந்து வச்சிக்கிட்டு நின்னா பனியும் ஒங்கூட வந்து ஒக்காரும்ல” என்றாள் ராமுத்தாய்.

மருதாத்தாள் உள்ளே வந்தாள். உடனே செல்வலட்சுமி எழுந்து, கொட்டகையில் இருந்த ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எல்லோருக்கும் கட்டன் சாயா, அவளுக்கு மட்டும் பால் ஊற்றிய டீ, பக்கத்தில் பிஸ்கட்டு வேறு. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம். மறுநாளும் நாற்காலி, மறுநாளும் பிஸ்கட்டு. ஒரு வாரத்தில் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“ஏனுங்க, நானென்ன ஒறம்பரையா? தினமும் போறவளுக்கு ஆராச்சும் பிஸ்கட்டு குடுப்பாங்களா?”

“பிஸ்கட்டு குடுத்தா நல்லதுதான புள்ள.”

“உங்களுக்கு என்னங்க தெரியும்! விருந்தாடி வந்தவளுக்குத்தான் பிஸ்கட்டு. கூட்டத்துல ஒருத்தின்னா, ‘எந்திரிச்சுப் போயித் தண்ணி கொண்டா’ன்னு வெரட்டோணும். என்னைய ஒருத்தியும் வெரட்ட மாட்டீங்கறாளே!”

விரட்டப்படுவதற்கு ஒரே வழி இருந்தது, ஊர்ப் போர்வை. அதுதான் கொட்டகை நடுவில் விரித்திருந்தது. அது யாருக்கும் சொந்தமில்லை. அந்தப் பகுதியில் யாருக்குக் காய்ச்சலோ, யாருக்குப் பிள்ளை பிறந்ததோ, யார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்களோ, அந்த வீட்டுக்குப் போகும். ஆள் எழுந்து நடமாடியதும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டுத் திரும்ப ராமுத்தாய் வீட்டுக்கு வரும். எங்கே நைந்திருக்கிறதோ அங்கே புதுத் துண்டு வைப்பார்கள். கூட்டத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியின் சேலையிலிருந்தும் அதில் ஒரு துண்டு உண்டு. யார் துண்டு அதில் இருக்கிறதோ அவள் கூட்டத்துக்காரி. இல்லாதவளுக்கு நாற்காலியும் பிஸ்கட்டும்.

அடுத்த நாளே மருதாத்தாள் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

“அக்கா, இதுல எவ்வளவு வேணுமோ வெட்டிக்கோங்க. பாதி எடுத்தாலும் செரி. முழுசா எடுத்தாலும் எனக்கொண்ணும் இல்லீங்க.”

ராமுத்தாய் சேலையைக் கையில் வாங்கவில்லை. ஒரு ஓரத்தை மட்டும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அதுதான் அவள் தராசு.

“நல்ல சேலைத்தா. மடிச்சு வையி. இது சேராது.”

“ஏனுங்க சேராது? சொசைட்டிக் கடைச் சேலைங்க, சாயம் போகாது.”

“அதுக்கில்ல. சீக்காளி தாடைக்குக் கீழ கெடக்குற துணி. புதுத்துணி மொடமொடன்னு கீறும். உடுத்தி உடுத்தி, வேர்த்து, தொவைச்சு, எம்புட்டோ நாளு ஒடம்புல கெடந்து மசிஞ்ச சேலதான் இதுக்கு ஆகும். ஒங்கிட்டப் பழசு இல்லையா?”

மருதாத்தாளுக்கு அந்த அண்டா கண்முன் வந்து நின்றது. எலப்புள்ளியில் அவள் உடுத்தி வேர்த்த சேலை எல்லாம் பாத்திரக்காரன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டது. வேர்வைக்குப் பதிலாக அண்டாதான் இருக்கிறது. அதை வெட்டி ஒட்ட முடியுமா?

“இருக்குதுங்க அக்கா. பெட்டியில அடியில கெடக்குது. தேடி எடுத்தாறனுங்க” என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகு என்ன செய்வது? புதுச் சேலையைப் பழசாக்க வேண்டியதுதான். ஊரில் கிழவியைக் குமரியாக்குகிற வித்தைக்காகத்தான் எல்லோரும் காசு செலவழிக்கிறார்கள். மருதாத்தாள் ஒருத்திதான் குமரியைக் கிழவியாக்கக் கிளம்பினாள்.

முதலில் அண்டாவில் சோடா உப்புப் போட்டு அவித்தாள். சேலை வாடவில்லை, அண்டாதான் கத்தரிப்பூ நிறமானது. கல்லில் அடித்தாள். அவள் அடித்த அடியில் மூணாறு வரைக்கும் இடி இடிக்கிறது என்று ஆட்கள் காயப் போட்ட துணிகளை எடுத்து உள்ளே வைத்தார்கள். கல் தேய்ந்தது, சேலை தேயவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டின் மேல் போர்த்தி நாள் முழுக்க மேயவிட்டாள். ஆடு அதைக் கட்டிக்கொண்டு நடந்த நடையைப் பார்த்து இரண்டு பேர் கும்பிட்டார்கள். கடைசியில் ஜீப் போகிற மண்ரோட்டில் சேலையை விரித்துவிட்டு வேலி ஓரம் ஒளிந்து உட்கார்ந்துகொண்டாள்.

மோகனசுந்தரம் தோட்டத்திலிருந்து வந்தவர் பார்த்துவிட்டார்.

“ஏம்புள்ள, சேலை ரோட்டுல கெடக்குது, நீ வேலியில கெடக்குற. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“சத்தம் போடாதீங்க. ஜீப்பு வருது.”

ஜீப் ஏறியது, திரும்பியது, மறுபடி ஏறியது. மருதாத்தாள் ஓடிப்போய்ச் சேலையை எடுத்து, உதறி, துவைத்து, காய்ந்ததும் மடித்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். ராமுத்தாய் வாங்கிக் கன்னத்தில் வைத்தாள். புருவத்தைச் சுருக்கினாள். பிறகு விரித்துப் பார்த்தாள்.

“என்னாத்தா இது, சேலையில சக்கரம் ஏறியிருக்கு?”

நடுமுந்தானையில் டயர் அச்சு ரயில் தண்டவாளம் மாதிரி போய்க்கொண்டிருந்தது. செல்வலட்சுமி குனிந்து பார்த்தாள்.

“இது எங்க வீட்டுக்காரரு ஜீப்பு டயருல்ல! இந்த டயரு பட்டன் அச்ச எனக்குத் தெரியாதா? முன்சக்கரம், வலதுபக்கம். மதினி, ஒங்க சேலைக்கு லைசென்சு எடுத்தாச்சா?”

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் இந்தக் கொட்டகையின் தகரம் இரண்டு ஆணி கழன்றது. வேண்டுமானால் மேலே பாருங்கள், இன்னும் கழன்றுதான் இருக்கிறது. ஜிஸ்மி வாயைப் பொத்திக்கொண்டு, “அய்யோ சேச்சி, எந்தினா இங்ஙனே செய்தது? கேட்டா நான் என்ற அம்மச்சி துணி தந்திருப்பேனே!” என்றாள்.

“அடுத்தவுக துணிய வச்சா அது அவுக துண்டாத்தான இருக்கும், இவ துண்டா எப்பிடி ஆகும்?” என்றாள் ராமுத்தாய். சேலையை மடித்து மருதாத்தாள் மடியில் வைத்தாள். “அடிச்சுப் பழசாக்குனது வேற, உடுத்திப் பழசானது வேற. போயி உடுத்தாத்தா.”

மருதாத்தாளும் சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள். இந்த இடத்தில் இழுத்துச் சொல்ல ஒன்றுமில்லை, சாதாரணமாக எல்லோரும் அழுகிற அழுகைதான்.

மோகனசுந்தரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பூண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலிருந்தே அவர் எவ்வளவு பயந்துபோனார் என்று தெரிந்துகொள்ளலாம்.

“மருதா, உனக்குப் புடிக்கலீன்னா சொல்லு. எடுக்கறத எடுத்துப்போட்டு எலப்புள்ளிக்கே போயரலாம்.”

“ஆமா, போயி என்ன சொல்றது? ஜீப்பு ஏறிப்போச்சுன்னா?” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இருக்கறதே அஞ்சாறு சேலை. இதொண்ணு பாழாப்போச்சு. தோட்டத்துக்குக் கட்டிக்கறன், வுடுங்க.”

அடுத்த நாளும் கொட்டகைக்குப் போனாள். இந்த முறை நாற்காலியை அவளே மடக்கி மூலையில் சாத்திவிட்டு, பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, “தையலாச்சும் சொல்லிக் குடுங்க” என்றாள்.

தையலில்தான் அடுத்த வேடிக்கை. எலப்புள்ளியில் அவள் பிடித்த ஊசி ஒன்றே ஒன்று, நெல் மூட்டை வாய் தைக்கிற கோணி ஊசி. அறுப்புக் காலத்தில் மூட்டைக்கு மூட்டை சணல் கோத்து, காலை உதைத்து, இழுத்து இறுக்கித் தைத்த கை. நெல்மணி ஒன்று வெளியே வரக்கூடாது. அந்தக் கையால் மெல்லிய ஊசியைப் பிடித்து ஓட்டத் தையல் போட்டாள். ஒவ்வொரு குத்துக்கும் நூலைச் சுண்டி இறுக்கினாள். ஒரு சின்னத் தலையணை உறையை அவள் தைத்து முடித்தபோது அது பலகை மாதிரி நிமிர்ந்து நின்றது. ராமுத்தாய் அதன் மேல் டீ கிளாஸை வைத்தாள். கிளாஸ் ஆடவில்லை.

“இதுக்குள்ள எத்தன படி நெல்லு மதினி?” என்றாள் செல்வலட்சுமி. “மில்லுக்கு அனுப்பிருவமா, இல்ல வெதைக்கு வச்சிக்கிறீகளா?”

“சிரிங்க அம்மிணி, சிரிங்க. எங்கூர்ல இப்படித் தெச்சாத்தான் கூலி.”

“இங்க இப்பிடித் தச்சா தண்டனை. நூல இழுக்காதீக. ஊசி போற எடத்துக்கு நூலு தன்னால வரும். பைய விடுங்க. ம்ம்... விடச்சொன்னா புடிக்கிறீக பாருங்க!”

செல்வலட்சுமிதான் சொல்லிக் கொடுத்தாள். வைதுகொண்டே சொல்லிக் கொடுத்தாள். மருதாத்தாள் கையில் தட்டுவாள், நூலைப் பிடுங்குவாள், தைத்ததை மொத்தமாகப் பிரித்து மடியில் போட்டு “மறுபடி” என்பாள். மருதாத்தாளுக்கு உள்ளுக்குள் தேன் ஒழுகியது. எத்தனை மாதம் கழித்து ஒருத்தி அவளை விரட்டுகிறாள்! வீட்டுக்குப் போய், “இன்னிக்கு என்னைய நல்லா வஞ்சாளுங்க” என்று பெருமையாகச் சொல்வாள். மோகனசுந்தரம் எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆட்டிவைப்பார்.

கை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அமைதியாக இருந்தால் தையல் வெள்ளரிக்கொடி மாதிரி நெளிந்து போகும். மனசு பதறினால் மட்டும் கை பழையபடி மூட்டைக்கே ஓடிவிடும். ஆனாலும் ஊர்ப் போர்வையில் அவள் ஊசி இறங்கவில்லை. அது வட்டமாக விரிக்கப்படும்போது அவள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “துண்டு வையி” என்று யாரும் சொல்லவில்லை, “வைக்கட்டுமா” என்று அவளும் கேட்கவில்லை. ஜீப் ஏறிய பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

அந்தக் கத்தரிப்பூச் சேலை தோட்டத்துச் சேலையாகிவிட்டது. பூண்டுக்கு மண் அணைத்தது அதில், களை எடுத்தது அதில், மழையில் நனைந்து உடம்போடு காய்ந்தது அதில். புருஷனுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சிப் பாத்திரம் பிடித்ததும் அதன் தலைப்பில்தான். ஊர்ப் போர்வை அப்போது அவள் வீட்டுக்கும் வந்தது. மோகனசுந்தரத்தின் மேல் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, இது ராமுத்தாய் துண்டு, இது ஜிஸ்மி துண்டு, கிளிப்பச்சையில் இருப்பது செல்வலட்சுமி துண்டு என்று விரலால் தடவிக்கொண்டிருந்தாள். காய்ச்சலோடு கிடந்தவர் கண்ணைத் திறந்து, “உன்றது எது புள்ள?” என்றார். “பேசாமத் தூங்குங்க” என்றாள்.

அடுத்த பூண்டு எடுப்பு வந்தது. அதே சமயம் ராமுத்தாயின் தம்பி மகனுக்குப் போடியில் கல்யாணம். கூட்டமே கிளம்பியது. மருதாத்தாளால் போக முடியவில்லை, பிடுங்கிய பூண்டு வெயிலில் கிடந்தது. செல்வலட்சுமியும் போகவில்லை. அவளுக்குப் பித்தப்பையில் கல். கீழே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து படுத்திருந்தாள். ராமுத்தாய் போகும்போது வீட்டுச் சாவியை மருதாத்தாள் கையில் கொடுத்து, “செல்வி வந்தா போர்வையக் கொண்டுபோயிக் குடுத்திரு. ஒட்டுத் துணி வச்ச பொட்டி பூட்டியிருக்கு, அதத் தொட வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கல்யாணம் முடிந்த அன்று போடிமெட்டில் ரோட்டின் மேல் பாறை விழுந்தது. எவ்வளவு பெரிய பாறை? அதன் மேல் ஒரு பஞ்சாயத்து ஆபீஸே கட்டலாம். போனவர்கள் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் நல்லமுத்து செல்வலட்சுமியை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார். மருதாத்தாள் ஓடிப்போய் ராமுத்தாய் வீட்டைத் திறந்து ஊர்ப் போர்வையை எடுத்து உதறினாள். உதறியவள் அப்படியே நின்றுவிட்டாள். எலி கடித்திருந்தது. மேல் ஓரத்தில், சரியாகத் தாடைக்கு வருகிற இடத்தில், தோசை அகலத்துக்கு ஓட்டை.

வழியில் தன் வீட்டில் நுழைந்து, கடையில் வாங்கிய கம்பளியையும் தூக்கிக்கொண்டு போனாள். செல்வலட்சுமி கட்டிலில் சுருண்டு கிடந்தாள். வாய் பேசாத செல்வலட்சுமியை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. மருதாத்தாள் கம்பளியைப் போர்த்திவிட்டாள்.

“எடுங்க மதினி... குத்துது. நம்ம போர்வை எங்க?”

“எலி கடிச்சுப்போட்டுதுங்க அம்மிணி. ராமுத்தாயக்கா வரட்டும். துணிப்பொட்டியும் பூட்டிக் கெடக்குது.”

“அவ எப்ப வாரது? போடிமெட்டுப் பாறைய அவளா ஒடைக்கப் போறா?” செல்வலட்சுமிக்குப் பல் அடித்தது. “குளிருது மதினி. துண்டு வச்சுத் தைங்க.”

“எதை வெச்சுத் தெக்கறது?”

செல்வலட்சுமி கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி, மருதாத்தாள் கட்டியிருந்த சேலைத் தலைப்பைப் பிடித்தாள். தோட்டத்து மண்கூட உதறாத அதே கத்தரிப்பூச் சேலை. இழுத்துக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

“இது வேண்டாங்க அம்மிணி. இதுலதான் ஜீப்பு...”

“ஜீப்பு எறங்கிப்போயி எம்புட்டு நாளாச்சு. வெட்டுங்க.”

“அக்கா வந்து பிரிச்சுப் போட்டாங்கன்னா?”

“நான் வெறச்சுச் செத்த பெறகு பிரிச்சா என்ன, பிரிக்காட்டி என்ன? வெட்டுங்கங்கறேன்!”

மருதாத்தாள் கத்தரிக்கோலை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். கேட்காமல் வைக்கிறோம், ஒருமுறை பொய்த் துணியோடு வந்தவள் இப்போது திருட்டுத் துண்டும் வைத்தாள் என்று பேர் வந்தால், பிறகு இந்த ஊரில் நாற்காலிகூடக் கிடைக்காது. எலப்புள்ளிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தாள். அவள் தலைப்பை விடவே இல்லை. கட்டியிருந்த சேலையின் உள்தலைப்பை உருவி, ஓட்டைக்கு மேல் நாலு விரல் கூடுதலாக வெட்டினாள். போர்வையின் மறுமுனை செல்வலட்சுமியின் காலை மூடியிருக்க, இந்த முனையை மடியில் வைத்துக்கொண்டு தைத்தாள்.

மனசு பதறியது. அதனால் கை என்ன செய்தது? மூட்டை தைத்தது. ஒவ்வொரு குத்துக்கும் இறுக்கு, இறுக்கு. அவளுக்கே தெரிந்தது, நிறுத்த முடியவில்லை. முடித்துப் போர்த்தியபோது செல்வலட்சுமி தாடையை அந்தத் துண்டில் புதைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. அந்தக் குறட்டையில்தான் போடிமெட்டுப் பாறை உருண்டு ரோடு திறந்தது என்று நல்லமுத்து இன்றைக்கும் சொல்வார்.

ரோடு திறந்ததும் ராமுத்தாய் கல்யாணப் புடவையோடு நேராகச் செல்வலட்சுமி வீட்டுக்குத்தான் வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, செல்வலட்சுமியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, போர்வையைச் சரி செய்தாள். கை தாடைக்குக் கீழே வந்து நின்றது.

“இது யாரு துண்டு?”

மருதாத்தாள் அடுப்படி வாசலில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள்.

“என்றதுங்க அக்கா. கேக்காம வெச்சுப்போட்டனுங்க. எலி கடிச்சுப்போட்டுது, இவிய குளிருதுன்னாங்க. வேண்டாம்னா பிரிச்சரலாமுங்க. நானே பிரிச்சுக் குடுத்தர்றனுங்க.”

ராமுத்தாய் குனிந்து, படுத்திருந்தவளின் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்து, அந்தத் துண்டில் கன்னத்தைப் பதித்தாள். பிறகு இன்னொரு கன்னத்தையும் பதித்தாள். கிண்ணத்தில் கஞ்சி ஆடை கட்டும் அளவுக்கு நேரம் போனது.

“துணி மசிஞ்சிருச்சு” என்றாள். நிமிர்ந்து மருதாத்தாளைப் பார்த்தாள். “பூண்டு வாசம் அடிக்குது. இந்த ஊரு துணிதான்.”

மருதாத்தாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கையில் கிண்ணம் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

“ஆனா தையலு! ஆத்தீ, என்ன தையலு இது! சீக்காளிக்குப் போர்வை தச்சியா, செத்தவள மூட்டையாக் கட்டுனியா?” ராமுத்தாய் ஜாக்கெட் கழுத்தில் குத்தியிருந்த ஊசியை உருவினாள். “அந்தக் கத்தரிய எடு. நின்னுக்கிட்டு அழுதா ஆச்சா? வெரசா எடுத்துக்கிட்டு வா, போ!”

மருதாத்தாள் ஓடினாள். விரட்டியதும் ஓடினாள். கத்தரிக்கோலோடு திரும்பி வருவதற்குள் செல்வலட்சுமி விழித்துக்கொண்டு, தையல் போட்ட வயிற்றோடு எழுந்து உட்கார்ந்து, போர்வையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பிரிச்சீகன்னா பாத்துக்கங்க! எனக்குக் காத்து வராம இருக்குறது இந்த ஒரு எடத்துலதான். கைய வச்சா கைய ஒடிச்சிருவேன்!”

கடைசியில் ராமுத்தாய் அந்த மூட்டைத் தையலை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றித் தன் கையால் ஒரு வரி ஓட்டத் தையல் போட்டாள். அதுதான் நடந்தது. அதற்குப் பிறகு—

“நிறுத்துங்க!” பூண்டுக் குவியலுக்குப் பின்னாலிருந்து ராமுத்தாய் எழுந்தாள். “ஊர்ப்பட்ட பொய்! நான் எங்க விட்டேன்? முழுசாப் பிரிச்சு, முழுசா நான்தான் தச்சேன்.”

“எங்க பிரிச்சீக? நான் கைய ஒடிப்பேன்னு சொன்னதும் பயந்து ஒக்காந்தீகல்ல!” என்றாள் செல்வலட்சுமி.

“நீ மயக்க மருந்துல கெடந்த. ஒனக்கென்ன தெரியும்?”

“மயக்கமா? எனக்கா? அன்னிக்கு நீங்க கல்யாணத்துக்கு எந்தப் பொடவை கட்டிக்கிட்டுப் போனீகன்னு சொல்லட்டா?”

“சேச்சிமாரே, அடிபிடி வேண்டா...” என்று ஜிஸ்மி நடுவில் வந்தாள். யாருடைய முழங்கையோ பட்டுப் பூண்டுக் கட்டு அவிழ்ந்து நாலாபக்கமும் உருண்டது.

“ஏனுங்க அக்கா, அது என்ற தையலுங்க!” மருதாத்தாள் மடியில் இருந்த பூண்டை உதறிக்கொண்டு எழுந்தாள். “நீங்க தொட்டே பாக்கல. சுத்தி வரி போட்டதுகூட ஜிஸ்மிதான். எனக்குத் தெரியாதா?”

“ஞானோ? ஞான் எப்போ?”

“பாத்தியா செல்வி, நாக்கு எம்புட்டு நீளம் இவளுக்கு! நேத்து வந்தவ, என்னையவே பொய்யிங்கிறா!”

“நேத்தா வந்தன்? ஆரு நேத்து வந்தது? நெம்பப் பேசாதீங்க அக்கா, சொல்லிப்போட்டன்!”

“என்னடி செய்வ?”

“இப்பக் காய்ச்சல்ல கெடக்கற பெரியம்மாள் ஊட்டுலதான போர்வை இருக்குது? வாங்க, பாத்தரலாம். எந்திரிங்க!”

“எந்திரிக்காம? வா, எல்லாரும் வாங்க!”

“காய்ச்சல்காரி மேலருந்து போர்வைய உருவப் போறீகளா, கூறு கெட்டவளுகளா...” என்று கத்திக்கொண்டே செல்வலட்சுமியும் பின்னால் ஓடினாள்.